காவேரிப் பாலத்தில் சிக்கிய ட்ரான்ஸ்

போன வாரம் பாலக்கரையில் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் ரசனைக்கு மரண அறிவிப்பு வந்தது. அறிவித்தவள் தங்கச்சி மகள் ஷெரின். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். படித்தது போக மிச்ச நேரத்தில் லேப்டாப்பில் பாட்டுகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். என் போனில் ஓடியதைக் கேட்டுவிட்டு ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தினாள்.

"மாமா, இன்னுமா ட்ரான்ஸ் கேக்குறீங்க? அதெல்லாம் அவுட்டேட்டட் ஆகி ரொம்ப நாளாச்சு."

"எப்ப ஆச்சு? எனக்கு யாரும் சொல்லலையே."

"நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு."

தங்கச்சி மீன் குழம்புச் சட்டிக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். அவள் சிரிப்பை மறைக்கும் முறை அது.

ட்ரான்ஸ் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரியாததால் நஷ்டமில்லை. மின்கருவிகளில் செய்த ஆட்ட இசை. வார்த்தை கிடையாது. ஒரே தாளம் துடித்துக்கொண்டே மேலே ஏறும். உச்சியில் சட்டென்று நின்றுவிடும். வெறும் ஓசை ஒன்று மட்டும் மிதந்துகொண்டிருக்கும். தாளம் எங்கே போனது என்று நாம் தவிக்கும் நேரத்தில் அது திரும்ப வந்து தொப்பென்று விழும். வீட்டில் கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் புதுமை இல்லை. பாதி மாவில் கரண்ட் போய்த் திரும்ப வருகிற அந்த நிமிடம்தான் ட்ரான்ஸ்.

எனக்கு அந்தத் தாளம் கேட்டாலே சாம்பிராணியும் டீசலும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும். அதை ஷெரினிடம் சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்வாள். உங்களிடம் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன், பெங்களூரில் ஹோட்டல் மேசை துடைத்தேன், கடைசியில் கோவாவில் கடற்கரைக் கடை ஒன்றில் பாத்திரம் தேய்த்தேன். பகல் முழுக்க அங்கே ட்ரான்ஸ் ஓடும். முதல் மாதம் தலைவலி, இரண்டாம் மாதம் பழக்கம், மூன்றாம் மாதம் அது இல்லாவிட்டால் கை ஓடாது என்றாகிவிட்டது. ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர் பை கனக்கிறதென்று பதினொரு சிடிக்களை என் கையில் திணித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் எனக்கு மஞ்சள் காமாலை. சிடிக்களையும் காமாலையையும் எடுத்துக்கொண்டு திருச்சிக்கு ரயில் ஏறினேன். கீழாநெல்லியும் மோரும் கொடுத்துத் தங்கச்சி தேற்றினாள். தேறிய கையோடு மச்சான் என்னை ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் சேர்த்துவிட்டார். கண்டக்டர் லைசென்ஸுக்குப் படிப்புப் போதாது. ஆகவே கிளீனர். வயது இருபத்துநாலு.

வண்டி ஸ்ரீரங்கத்துக்கும் திருவெறும்பூருக்கும் ஓடியது. காலையில் கழுவித் துடைத்து, பூ மாட்டி, சாம்பிராணி காட்டி, பாட்டைப் போட வேண்டும். பிறகு நாள் முழுக்கப் பின்வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவ வேண்டும். டிரைவர் மேலப்புதூர் ஆரோக்கியசாமி அண்ணன். பதினோரு வருடமாக அதே வண்டி. கோபம் வந்தால் மீசையை மட்டும் தடவிக்கொள்வார்.

தனியார் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், அங்கே வேகத்தைவிட 'டைம்' முக்கியம். ஒரு நிலையத்துக்கு இத்தனை மணிக்கு வந்து இத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும். முன்னதாக வந்தால் முன்வண்டியின் ஆட்களைக் கொத்திக்கொண்டோம் என்று அவர்கள் சண்டைக்கு வருவார்கள். பின்னால் வந்தால் பின்வண்டி சண்டைக்கு வரும். சத்திரம் பஸ் நிலையத்தில் விசிலோடு ஒரு டைம் கீப்பர் நிற்பார். ஆரோக்கியசாமி அண்ணன் வாட்ச் கட்டியதே இல்லை. அவருக்குப் பாட்டுதான் கடிகாரம். இரண்டாவது பாட்டு முடியும்போது திருவானைக்கோவில், நாலாவது பாட்டின் கடைசி வரியில் காவேரிப் பாலம், ஐந்தாவது முடியச் சத்திரம். கேசட் போய் சிடி வந்தபோதும் அதே பாட்டுகளை அதே வரிசையில் பதிந்து வாங்கி வைத்திருந்தார். சண்டை என்று ஒரு நாள் வந்ததில்லை.

இந்தக் கடிகாரத்தில்தான் நான் கை வைத்தேன்.

ஒரு நாள் காலை சும்மா என் சிடி ஒன்றைப் போட்டேன். அண்ணன் கழற்றி எறிவார் என்று பார்த்தேன். திருவானைக்கோவில் தாண்டியதும் கேட்டார்.

"என்னடா இது, யாரும் யாரையும் காதலிக்கலையே."

"ஆமாண்ணே. இதுல ஆளே கிடையாது."

"நல்லாருக்கு. இருக்கட்டும்."

முன்சீட்டில் தினமும் ராகவன் சார் என்று ஒருவர் வருவார். ஸ்ரீரங்கத்துக்காரர், பேங்கில் கிளார்க். நெற்றியில் திருமண் காயாமல் ஏறி, உதடு அசையாமல் பாசுரம் சொல்லிக்கொண்டே வருவார். அவர் சண்டை போடுவார் என்று பயந்தேன். அவரோ இறங்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இதையே தினம் போடேன். சினிமாப் பாட்டுன்னா நான் பெருமாளை சேவிச்சிண்டு இருக்கச்சே நடுவுல ஹீரோயின் வந்து நிக்கறா. இதுல யாரும் குறுக்க வரதில்லை."

ஆக, இரண்டு ரசிகர்கள். திருவெறும்பூர் ஃபேக்டரிக்குப் போகிறவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. மெஷின் சத்தத்துக்குப் போகிற வழியில் இன்னொரு மெஷின் சத்தம், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். குழப்பம் வேறு இடத்தில் வந்தது. ட்ரான்ஸுக்கு எல்லை கிடையாது. ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியாது. தாளம் ஏறினால் அண்ணனின் கால் அழுத்தும், தாளம் நின்றால் பாட்டு முடிந்துவிட்டதென்று பதறுவார். திங்கள்கிழமை நாலு நிமிடம் முன்னதாகப் போய் முன்வண்டிக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். புதன்கிழமை ஐந்து நிமிடம் தாமதமாகப் போய்ப் பின்வண்டிக்காரனிடம்.

சமயபுரத்திலிருந்து முதலாளி வந்தார். "இன்னொரு தடவை டைம் தப்புச்சுன்னா ரெண்டு பேரும் வண்டிய விட்டு இறங்கிடுங்க. திங்கக்கிழமை காலையில சத்திரத்துல நானே நிக்கிறேன்."

பழைய சிடியைப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அதைத்தான் நானும் சொன்னேன். எனக்கு அந்த வேலை வேண்டும். எட்டு மாதம் ஒரே இடத்தில் சோறு தின்றது அதுதான் முதல் தடவை. அண்ணனுக்கோ இரண்டு பெண்கள், இரண்டும் பள்ளிக்கூடத்தில். ஆனால் அவர் மீசையைத் தடவினார்.

"பதினோரு வருஷமா அதே அஞ்சு பாட்டுடா. மனப்பாடம் ஆகி, தூக்கத்துல கேட்டாக்கூட கியர் மாத்துறேன்னு உங்க அண்ணி சொல்றா. இதப் படிச்சுக்கிட்டா போச்சு."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு ஷெட்டுக்கு வந்தார். இன்ஜின் போடாத வண்டியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் சிடியைப் போட்டுவிட்டுப் பின்வாசலில் நின்றேன். நின்ற வண்டியில் அவர் ஸ்டியரிங்கைத் திருப்பி, கியர் மாற்றி, ஆரன் அடித்து ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பினார். "திருவானைக்கோவில் இறங்கு," என்று ஆளில்லாத சீட்டுகளுக்கு நான் கூவினேன். "ஏறு, ஏறு, உள்ள போ." வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாலு தடவை இப்படிப் போய் வந்தோம். கணக்கு பிடிபட்டது. மாம்பழச்சாலை தாண்டும்போது தாளம் நிற்கும். ஓசை மிதக்கும்வரை பாலத்தில் மெதுவாக ஊர வேண்டும். தாளம் திரும்ப விழுந்ததும் அழுத்தினால் சத்திரம், டயத்துக்கு.

திங்கள்கிழமை எல்லாம் அப்படியே நடந்தது. மாம்பழச்சாலையில் தாளம் நின்றது. பாலத்தின் முனையில் ஒரு பள்ளம், வண்டி குதித்தது. ஓசை மிதக்க, ஊர ஆரம்பித்தோம்.

ஊர்ந்தோம். இன்னும் ஊர்ந்தோம். பின்னால் ஆரன்கள். அண்ணன் தாளத்துக்காகக் காத்திருந்தார், நானும்தான். இந்த இடம் கொஞ்சம் நீளம் என்று தெரியும், இவ்வளவு நீளமா என்று சந்தேகம். நூறு தடவை கேட்டவனுக்கே நிச்சயமில்லை. ஆற்றில் புதுத்தண்ணீர். ஜனங்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். ராகவன் சார்தான் வாயைத் திறந்தார்.

"என்ன ஆரோக்கியம், காவேரியை நன்னா சேவிச்சாச்சு. போலாமா?"

அப்போதுதான் உறைத்தது. பள்ளத்தில் குதித்த சிடி சிக்கிக்கொண்டிருந்தது. மிதக்கும் ஓசையின் ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. சினிமாப் பாட்டாக இருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். இது ட்ரான்ஸ். கூட்டத்தில் நீந்தி முன்னால் போய்ப் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினேன். தாளம் தொப்பென்று விழுந்தது. அண்ணன் அழுத்தினார். பின்வண்டியும் நாங்களும் ஒன்றாகச் சத்திரத்துக்குள் நுழைந்தோம். ஏழு நிமிடம் தாமதம்.

முதலாளி அண்ணனைத்தான் பார்த்தார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் இறங்கிவிட்டேன்.

"அவரு வேணாம்னுதாங்க சொன்னாரு. நான்தான் கேக்காமப் போட்டேன்."

ராகவன் சாரும் இறங்கி வந்தார். "ஆத்துல தண்ணி வந்திருக்கு, நாங்கதான் மெதுவாப் போகச் சொன்னோம்," என்றார். பெருமாள் பக்தர் எனக்காகப் பொய் சொன்னார்.

"நீங்க சேவிங்க சார். இவன் இறங்கட்டும்," என்றார் முதலாளி.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேர் இறங்கியிருப்போம். அது எனக்கும் தெரியும். சிடியைக் கழற்றி, சட்டை முனையால் துடைத்து, ஜன்னல் வழியே நீட்டினார்.

"போயிட்டு வா தம்பி."

நான் போனேன். கரூர், சேலம், ஓசூர். அந்த மாதிரி வேலை பிறகு கிடைக்கவில்லை.

ட்ரான்ஸ் பழசாகிவிட்டதா என்று ஷெரினோடு வாதாட எனக்குப் படிப்பில்லை. புதுசாக இருந்தபோதே அது ஒரே இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது, அது எப்படிப் பழசாகும் என்று மட்டும் கேட்டேன். "லாஜிக் சூப்பர் மாமா," என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினேன். முதலாளியின் வண்டிகள் எப்போதோ கைமாறிவிட்டன. ஆரோக்கியசாமி அண்ணனை மேலப்புதூர்க் கல்லறையில்தான் பார்க்க முடியும். நான் ஓசூரில் இருந்தபோது நடந்தது. டிரைவர் தலைக்குமேல் சிவப்பு எண்களில் நேரம் ஓடியது. வண்டியில் பாட்டு இல்லை. காதில் ஆளுக்கொரு ஒயர், ஆளுக்கொரு பாட்டு. யாருடையதாவது சிக்கியிருந்தால் அது அவர் பாடு. பாலத்தில் ஏறியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளத்துக்குக் காத்திருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அக்கரை வந்துவிட்டது.