துணிக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை

மக்கா, நீங்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில் படிக்கிறீர்கள். என் இங்கிலீஷ் எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் ஒரு விஷயத்தில் உங்களை ஜெயித்துவிடுவேன். அசல் இங்கிலீஷ்காரன் வில் ஒன்றை நான் கையால் தொட்டிருக்கிறேன். அதற்கு மெழுகு தேய்த்திருக்கிறேன். ஒரு கோடை விடுமுறை முழுக்க, அந்த வில்லிலிருந்து வருகிற அம்பு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. சங்கரன்கோவிலில் வேறு எந்தப் பையனுக்கும் அப்படி ஒரு வேலை கிடைத்திருக்காது. நடுவில் சிரிக்கிற இடம் வரும். சிரித்துக்கொள்ளுங்கள், நாங்களும் சிரித்தோம்.

எனக்கு அப்போது பத்து வயது. நெஞ்சில் இழுப்பு இருந்தது. பத்தடி ஓடினால் உள்ளே சீழ்க்கை அடிக்கும். அதனால் தெருவில் ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது இரண்டு கட்சியும் என்னை எடுக்காது. 'இவன் உங்களுக்கு', 'இல்லலே, இவன் உங்களுக்கு' என்று கொஞ்ச நேரம் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். பிறகு அவர்கள் ஆட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குக் கூடப் பிறந்தவர்களும் கிடையாது. அப்பா பருத்தி கமிஷன் கடையில் எடை போடுகிறவர். பொழுது சாய்ந்துதான் வருவார். அம்மாவோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது?

அந்தச் சித்திரை மாதம் மாமா வந்தார். அம்மாவுக்கு அண்ணன். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்கார துரையிடம் வேலை பார்த்தவர். தலைமுடி நரைக்கிற வரைக்கும் அங்கேதான் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துரை தோட்டத்தை விட்டுவிட்டு அவருடைய நாட்டுக்கே போய்விட்டார். மாமா ஒரு தகரப் பெட்டியோடும், கான்வாஸ் துணியில் சுற்றிய ஆளுயரச் சாமான் ஒன்றோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் துணியைப் பிரித்ததும் அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், இத்தன வருசத்துக்கு ஒரு கம்புதான் குடுத்தானா ஒம்ம துரை?"

"கம்பு இல்ல மச்சான். வில்லு."

"வில்லுன்னா வளைஞ்சு இருக்கணும்லா?"

"நாண் ஏத்தினா வளையும். வேலை இல்லாத நேரத்துல அது நிமிந்து நிக்கும்."

"அப்ப அதுவும் ஒம்மள மாதிரிதான்னு சொல்லும்," என்றார் அப்பா. மாமாதான் முதலில் சிரித்தார்.

அது மாமாவைவிட உயரம். சீமையில் யூ என்று ஒரு மரமாம். அங்கே கல்லறைத் தோட்டங்களில் வளருமாம். ஒரே மரத்தில் வெளிப்பக்கம் வெளுப்பாகவும் உள்பக்கம் சிவப்பாகவும் இரண்டு நிறம். வெளுப்பு இழுபடும், சிவப்பு தாங்கும் என்பார் மாமா. இரண்டு முனையிலும் மாட்டுக்கொம்பில் செய்த குமிழ். கைப்பிடிக்கென்று தனியாக எதுவும் கிடையாது, குறி பார்க்க ஒரு கோடுகூடக் கிடையாது. அம்புகள் என் இடுப்புக்கு மேல் வரும். நாலுபட்டையாக, ஊசி மாதிரி நீண்ட இரும்பு முனை. அந்தக் காலத்துச் சண்டையில் இரும்புச் சட்டையைத் துளைப்பதற்கென்று செய்த மாதிரியாம். வாத்து இறகு கட்டியிருந்தது. உதிர்ந்த இறகுக்குப் பதிலாக, கடையநல்லூரிலிருந்து அப்பா கடைக்கு வருகிற பாய் ஒருவரிடம் சொல்லி வான்கோழி இறகு வாங்கிக் கட்டினார் மாமா. பாய் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எறகு மட்டும் போதுமா? கறி வேண்டாமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

குளம் வற்றிக் கிடந்த நேரம் அது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் மாமா அங்கே போவார். ஒரு குச்சியில் பழைய வேட்டித் துணியைக் கட்டித் தரையோடு தரையாக நட்டு வைப்பார். பிறகு நடந்து, நடந்து, எங்கள் தெரு நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளிப் போய் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் துணி ஒரு கொக்கு உட்கார்ந்திருக்கிற அளவுதான் இருக்கும். நேராகக் குறி வைக்க முடியாது. வானத்தைப் பார்த்து அம்பை விட வேண்டும். அது மேலே போய், ஒரு கணம் போவதா வருவதா என்று யோசிப்பதுபோல நின்று, பிறகு தலைகீழாக இறங்கும். மூன்று அம்பு விடுவார். விட்டதும் அத்தனை தூரமும் நடந்து போய்ப் பொறுக்குவார். திரும்ப நடந்து வருவார். திரும்ப விடுவார்.

குளத்துக் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பால்காரர் ஒருவர் ஒருநாள் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, கொக்கு அடிக்கீகளா?"

"இல்லவே."

"முயலா?"

"முயலும் இல்ல. அந்தத் துணிய அடிக்கேன்."

பால்காரர் துணியையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். "துணி என்ன செஞ்சுது ஒம்மள?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என்னை நாலைந்து நாள் கழித்து மாமா கூப்பிட்டார்.

"மாப்ளே, ஓட வேண்டாம். சும்மா நிக்க முடியுமா ஒன்னால?"

நிற்பதற்கு ஒருவன் என்னைக் கூப்பிடுவான் என்று நான் நினைத்ததே இல்லை.

துணிக்குப் பக்கவாட்டில் ஒரு பனை நின்றது. மூன்றாவது அம்பு விழுகிற வரைக்கும் நான் அதன் பின்னால்தான் நிற்க வேண்டும். விரல்கூட வெளியே தெரியக் கூடாது. மூன்றும் விழுந்த பிறகு வெளியே வந்து துண்டைக் காட்ட வேண்டும். வலது பக்கம் விழுந்தால் வலது கையால் வீச வேண்டும், இடது பக்கம் என்றால் இடது கையால். துணிக்கு முன்னாலேயே விழுந்துவிட்டால் துண்டைத் தரையில் போட வேண்டும். தாண்டிப் போய்விட்டால் தலைக்கு மேலே சுற்ற வேண்டும். மலையில் துரை அம்பு விடும்போது மாமா செய்த வேலை இதுதானாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர்தான் துணிக்குப் பக்கத்தில் நிற்பாராம்.

"அப்ப நீங்க அங்கன அம்பு விட்டதே இல்லையா மாமா?"

"நாண் சரியா இருக்கான்னு பார்க்க விடுவேன். ஆள் இல்லாத நாள்ல. துணியெல்லாம் நட்டு வெக்க மாட்டேன்."

"இங்கன துணியில படுமா?"

"படணும். ஒரு தடவ பட்டாப் போதும். ஆனா அதை ஒருத்தர் பார்க்கணும் மாப்ளே. யாரும் பார்க்காம பட்டா, அது பட்ட மாதிரியே இருக்காது."

"பட்டுட்டுன்னா நான் என்ன காட்டணும்?"

மாமா நாணில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் காட்ட வேண்டாம். நிமிந்து நில்லு. எனக்குத் தெரியும்."

எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. தப்பிப் போகிற அம்புக்கெல்லாம் துண்டை வீசிவிட்டு, பட்ட அம்புக்குச் சும்மா நிற்பதா? இருந்தாலும் காலையில் எழுந்து பல் தேய்க்கும்போதே இன்றைக்குப் படும் என்று நினைத்துக்கொள்வேன். படவில்லை. காற்று இழுத்துக்கொண்டு போகும். இல்லாவிட்டால் ஒரு முழம் முன்னால் விழும். மாமாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அவர் போக வேண்டும். அதற்குள் பட வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் எதுவும் அப்போது கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"ஏலே, ஒங்க மாமா மலையில செஞ்சத நீ பார்த்திருக்கணும். நான் ஒரு தடவ போயிருந்தேன். நாற்காலி போட்டு வெள்ளைக்காரிக எல்லாம் டீ குடிச்சிக்கிட்டு இருக்காளுக. துரை அம்பு விடுதாரு. போயித் துணியில பட்டுது. ஒடனே ஒங்க மாமா அப்படியே மல்லாக்க விழுந்து, ரெண்டு காலையும் மேல தூக்கி ஆட்டுதாரு. கரப்பான் பூச்சிய மல்லாத்திப் போட்ட மாதிரி. ஒரே கைதட்டல்."

எனக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. மாமாவும் இலையைப் பார்த்துச் சிரித்தார்.

"அது அவுக ஊர் வழக்கம் மச்சான். தூரத்துல இருக்கவனுக்குத் தெரியணும்லா? அங்கயும் துணிக்குப் பக்கத்துல நிக்கவன் அப்படித்தான் விழுவானாம்."

"இருக்கட்டும். துரை என்னைக்காவது ஒமக்கு விழுந்து காட்டினாரா?"

அப்பா விளையாட்டாகத்தான் கேட்டார். மச்சான்களுக்குள் அதைவிட மோசமாகவெல்லாம் பேசிக்கொள்வார்கள். மாமா, "ஏட்டி, ரசம் கொஞ்சம் ஊத்து," என்று அம்மா பக்கம் திரும்பினார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு ரசத்தில் கவனம் என்று நான் நினைத்தேன்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பட்ட அம்புக்கு உண்டான மரியாதை அதுதான்! சீமையிலேயே அப்படித்தான் செய்கிறார்கள். நான் சின்னப் பையன், இழுப்புக்காரன் என்பதால் மாமா எனக்கு அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். யாரும் இல்லாத நேரம் பார்த்து, வீட்டுக்குள் பாயில் இரண்டு மூன்று தடவை விழுந்து காலை ஆட்டிப் பழகினேன்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு மழை பெய்திருந்தது. குளத்துக் கரிசல் மண் குதிகாலில் ஒட்டியது. காற்று இல்லை. நான் பனைக்குப் பின்னால் நின்றேன். முதல் அம்பு இடது பக்கம் விழுந்தது. இரண்டாவது தாண்டிப் போனது. மூன்றாவது அம்பு வருகிற சத்தம் கேட்டது. அது இரைச்சல் இல்லை. யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல இருக்கும். துணி ஒரு பக்கமாக வெடுக்கென்று இழுபட்டது. பனையைச் சுற்றி வந்து பார்த்தேன். துணியை மண்ணோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு நின்றது அம்பு. இறகு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டேன். தூரத்தில் மாமா கையைப் புருவத்தில் வைத்துப் பார்ப்பது தெரிந்தது. நான் மல்லாக்க விழுந்தேன். இரண்டு காலையும் மேலே தூக்கி, என்னால் முடிந்த மட்டும் ஆட்டினேன். சிரிப்பு வந்தது, இழுப்பும் வந்தது. என் கால்களுக்கு நடுவில் வானம் மட்டும் தெரிந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

மாமா ஓடி வருகிற சத்தம் கேட்டது. கைதட்டப் போகிறார் என்று இன்னும் வேகமாக ஆட்டினேன். அவர் வந்து, மண்ணில் கையைக் கொடுத்து என்னை அள்ளித் தூக்கி நிறுத்தினார்.

"எந்திரிலே. எந்திரி."

மாமா என்னை 'லே' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"துணியில பட்டுட்டு மாமா."

"யாரு சொன்னா ஒனக்கு இப்படி விழச் சொல்லி?"

"அப்பாதான் அன்னைக்குச் சொன்னாக. அதான் வழக்கம்னு நீங்களும் சொன்னீக."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைத் திருப்பி நிறுத்தி முதுகைத் தட்டினார். தட்டினார், தடவினார், திரும்பத் தட்டினார். ஈர மண் அது, தட்டினால் போகாது. எனக்கு வலிக்க ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினார். பிறகு குனிந்து அம்பைப் பிடுங்கினார். எங்கே தைத்திருக்கிறது என்று பார்க்கவில்லை. நாணை இறக்கி, வில்லைக் கான்வாஸில் சுற்றினார். வீடு வரைக்கும் நான் பின்னால் நடந்தேன்.

மறுநாள் விடியற்காலம் அவர் என்னைக் கூப்பிடாமலேயே குளத்துக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். நான் கரைக்குப் போய் நின்று பார்த்தேன். துணியே நடாமல் வெறும் தரையைப் பார்த்து அம்பு விட்டுக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போகவில்லை. பிறகு ராஜபாளையத்துக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு வந்தபோது என்னோடு நன்றாகத்தான் பேசினார். வில்லைக் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்பு என்மேல் பட்டுவிட்டது என்று பயந்துதான் அவர் அப்படி ஓடி வந்தார் என்று நானே ஒரு முடிவு செய்துகொண்டேன். உங்கள் வயதைத் தாண்டியும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அப்படிப் பயந்தவர் நெஞ்சையும் வயிற்றையும்தானே தடவிப் பார்த்திருப்பார்? மாமா என் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. விழுந்ததில் முதுகில் ஒட்டிய மண்ணைத்தான் பார்த்தார்.

இதெல்லாம் பிறகு யோசித்தது. குளத்திலிருந்து திரும்பிய அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஏதோ தப்பாகிவிட்டது, அம்மா கண்ணில் படக் கூடாது என்பதுதான். கொல்லையில் கிணற்றடிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினேன். முதுகுப் பக்கம் முழுக்கக் கரிசல் அப்பியிருந்தது. அவர் தட்டின இடத்தில் விரல் விரலாகத் தெரிந்தது. இழுப்போடு இழுப்பாக வாளித் தண்ணீர் இறைத்து, அந்த விரல்கள் போகிற வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பிறகு சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, சுவர்மேல் காயப்போட்டேன்.