வளைவில் அணைந்த விளக்கு

பேட்டரிக் கடையின் அமில நெடி இன்று மூக்கில் ஏறியதும், சாலையை அகலமாக்கியபோது மறைந்துபோன அந்தக் கொல்லிமலை வளைவுக்கே மனம் போய்விட்டது. பிரசவ வலியில் துடித்த அத்தையோடு பின்சீட்டில் நான். எனக்கு ஏழு வயது. மலைமேல் இருக்கும் சோளக்காடு கிராமத்திலிருந்து இறங்கிய அப்பாவின் பழைய காரில், குலுங்கும்போதெல்லாம் விளக்கும் எஞ்சினும் அணைந்து அணைந்து உயிர்பெற, பனிமூட்டத்தில் பாதையே காணாமல் போனது.

வளைவில் கார் ஒரேயடியாக நின்றுவிட்டது.

"பயப்படாத கண்ணு" என்றபடி அப்பா இறங்கி பானெட்டைத் திறந்தார். ஒவ்வொரு வயராக ஆட்டிப் பார்த்தவர், பச்சை பூத்த பேட்டரி முனையைத் தொட்டதும் விளக்கு சிமிட்டியது. சுரண்டியும் வயரின் பிடி தளர்வாகவே இருக்கிறது என்றார்.

அத்தை மெட்டியைக் கழற்றினாள். "இதைச் செருகி இறுக்குங்கண்ணா."

கார் கிளம்பியது. அடிவார ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகும், அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தார்.