ஏரிப்புல் தின்ற புழு

அம்மாவுக்கு இடுப்பு வலி என்று அப்பா மாட்டை விற்றுவிட்டார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாரம் ஒருமுறைதான் மாரண்டஹள்ளிக்கு வருவார். "இனிமேலாவது ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். காலையில் அம்மா ஏரியில் அறுத்து வந்த புல்கட்டு அவிழ்க்காமலே மாட்டுக் கொட்டாயில் கிடந்தது.

அந்தக் கட்டில்தான் எனக்குப் புழு கிடைத்தது. ஒரு புல்லின் இரண்டு ஓரங்களும் சேர்த்துத் தைத்ததுபோல் குழலாக மூடியிருந்தன. பிரித்தால் உள்ளே ஒரு பச்சைப் புழு. டப்பாவில் போட்டு வளர்த்தேன். புழுத் துரைக்கு முருங்கை பிடிக்கவில்லை, அகத்தி பிடிக்கவில்லை. ஏரிக்கரைச் சேற்றில் முளைக்கும் அந்த அகலப் புல்தான் வேண்டும். நான் அழுத அழுகையில் அம்மா மறுநாள் அரிவாளோடு கிளம்பினாள்.

"மாடே இல்ல, புல்லு யாருக்குக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வூட்ல புதுசா ஒன்னு கட்டியிருக்கறேன்" என்று அம்மா சிரித்தாள்.

புழு நாளுக்கொரு குழல் தைத்தது. தலையை மட்டும் நீட்டித் தின்னும். கழிவைக் குழலுக்குள் வைத்துக்கொள்ளாது, தூரத் தெறிக்கவிடும். "நம்ம செவலையவிட இது சுத்தம் கண்ணு" என்றாள் அம்மா. மாடு போனபிறகு அன்றுதான் அதைப் பற்றி வாய் திறந்தாள்.

பிறகு அது வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு கூட்டுப்புழுவானது. இனி ஒன்றும் தின்னாது என்று ஐந்தாம் வகுப்பு அறிவியலை அம்மாவுக்கு விளக்கினேன். தலையாட்டினாள். மறுநாளும் புல் வந்தது. பாவம், அம்மாவுக்குப் பாடம் ஏறவில்லை என்று நினைத்தேன்.

ஒரு வாரத்துக்குப் பிறகு பட்டாம்பூச்சி வெளியே வந்தது. தடித்த உடம்பு, மங்கிய பழுப்பு நிறம், நுனி வளைந்த கொம்பு. பட்டாம்பூச்சி என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருந்தது. டப்பாவைத் திறந்ததும் விருட்டென்று தாவி ஏரிப் பக்கம் போய்விட்டது.

அடுத்த நாள் சாயங்காலம் அம்மா தலையில் முழுக்கட்டுப் புல்லோடு வந்தாள். மாடு தின்ற காலித் தொட்டியில் உதறிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் புகார் செய்தேன். "பூச்சி பறந்து போச்சுன்னு சொல்லிட்டேன்ப்பா. அம்மாவுக்குப் புரியவே மாட்டேங்குது."

அப்பா தொட்டியைப் பார்த்தார். "இடுப்பு வலிக்கலையா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"புல்லு அறுக்கறப்ப வலிக்கறதில்லீங்க."

அப்பா ஒரு கைப்பிடிப் புல்லை எடுத்து, தொட்டிக்குள் பரப்பிப் போட்டார். இவ்வளவு சின்னப் பாடம் இவருக்கும் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.