ரத்தம் ஓடியது, பேச்சு வரவில்லை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இரணியல் பக்கம் எங்கள் வீட்டில், காலைச் சாப்பாட்டின்போது நடந்தது. புட்டைப் பிசைந்துகொண்டிருந்த என் கணவரின் வலது கை தட்டிலேயே நின்றுவிட்டது. என்னவென்று கேட்டேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியதே தவிர, பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் கொழுந்தன் உடனே காரை எடுத்தார். மருத்துவமனையில் தொடை வழியாகக் குழாய் செலுத்தி, மூளையில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். "நேரத்தோட கொண்டு வந்திட்டீங்க. இப்ப ரத்தம் நல்லா ஓடுது" என்றார் டாக்டர்.

அன்றைக்கே பேசிவிடுவார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து வாரங்கள் ஆகியும் பேசவில்லை. நாங்கள் சொல்வது புரியும், பதில்தான் வராது. எங்கள் பலசரக்குக் கடையில் நாள் முழுக்கப் பேசிப் பழகிய மனிதர், பார்க்க வருகிறவர்களைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. "அடைப்ப எடுத்தாச்சுல்லா மைனி, பின்ன எதுக்கு அண்ணனுக்குப் பேச்சு வரல்ல? திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு ஆப்பரேஷன் செய்யலாம்" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இருவரும் டாக்டரிடம் போனோம்.

அவர் ஸ்கேனைக் காட்டினார். "ரத்தக்குழாய் திறந்துதான் இருக்கு. இனி எடுக்க ஒண்ணுமில்ல. ரத்தம் கிடைக்காம இருந்த நேரத்துல மூளையில கொஞ்சம் கெட்டுப்போச்சு, கொஞ்சம் மயங்கிக் கிடக்கு. அது தெளிய மாசக்கணக்காகலாம். எவ்வளவு தெளியும்னு இப்ப உறுதியா சொல்ல முடியாது. பயிற்சிய மட்டும் விட்டுடாதீங்க."

பொய்யாக ஆறுதல் சொல்லாததாலேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. தினமும் கணவரிடம் ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வேன். சில நாள் கோபத்தில் கையைத் தட்டிவிடுவார். கொழுந்தன் சாயங்காலம் வந்து விரல்களை மடக்கி நீட்டிவிடுவார்.

ஒருநாள் வழக்கமாக வரும் மீன்காரி சாளை கொண்டுவந்தாள். அவள் சொன்ன விலைக்குச் சரியென்று நான் சட்டியை நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"கூ... கூடுதலாக்கும்."

திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் இருந்தபடி என் கணவர் மீன் கூடையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

மீன்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இவ்வளவு நாளும் சும்ம இருந்துட்டு, எனக்க வியாபாரத்தக் கெடுக்கவா அண்ணாச்சி வாயத் தொறந்தீரு?" என்றவள், விலையையும் குறைத்து, ஒரு கை மீனும் கூடுதலாக அள்ளிப் போட்டாள். நான் சட்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு சொற்கள் ஒன்றிரண்டாக வந்தன. சில நாட்கள் ஒன்றுமே வராது. இப்போது காலையில் கடைக்குப் போய் உட்காருகிறார். வலது கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. பேச்சின் நடுவே ஒரு சொல்லைத் தேடி நிற்பார். நாங்கள் யாரும் அதை எடுத்துக்கொடுப்பதில்லை, காத்திருப்போம்.

உயிர் பிழைத்த ஒருவர் நம்மிடம் முழுதாகத் திரும்பி வர நாளாகும், அதுவரை அவர் பக்கத்தில் அவசரப்படாமல் இருப்பதும் வைத்தியம்தான் என்பதை, அவர் ஒரு சொல்லுக்காக நிற்கும் ஒவ்வொரு முறையும் நான் உணர்கிறேன்.