ஓநாய் மீனின் வாயில் போன கையுறை

எப்ராயீமின் வலக்கையில் மூன்று விரல்கள்தான். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் இருபது வயதில் ஒரு புள்ளி ஓநாய் மீன் கடித்துத் துண்டாக்கிவிட்டது. சிப்பியையே நொறுக்கும் பல்லுக்கு விரல் எம்மாத்திரம்! அன்றிலிருந்து அந்த மீன் எது தூண்டிலில் வந்தாலும் கட்டையால் மண்டையில் ஒரே போடு. கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில், எங்கள் கரையில் யாரும் அதைக் குறை சொன்னதில்லை. அப்போது அது மலிந்து கிடந்தது. பிறகு தேடினாலும் கிடைக்காமல் அருகிப்போனது. சிக்கினால் உயிரோடு விடவேண்டும் என்று சட்டம் வந்தது. மனிதர் கறுவிக்கொண்டே இருந்தார்.

"அந்த மீன்ல ஆம்பளதான் முட்டைக்குக் காவலாம். பட்டினியா சுத்திப் படுத்துக் கெடக்குமாம், ரேடியோவுல சொன்னான்" என்றாள் மனைவி திரிபேனா. "நீயும் இருக்கியே! மூத்தவ பொறந்தப்ப வடக்க லாப்ரடார் கடல்ல மீன் புடிச்சிட்டிருந்த."

"போடி, அதுக்கு வக்காலத்தா?"

கட்டைவிரல் தவிர மற்ற விரல்களெல்லாம் ஒரே பைக்குள் போகும் அவருடைய கம்பளிக் கையுறைகளை அவள்தான் பின்னுவாள், வலக்கைக்கு மட்டும் இரண்டு விரல் அகலம் குறைத்து. கீல்வாதம் வந்து அவள் விரல்கள் கோணிப்போயின. "இதுதான்யா கடைசி" என்று ஒரு ஜோடி தந்தாள். அதைக் கண்ணுக்குக் கண்ணாகக் காத்தார்.

இலையுதிர்காலக் காலையொன்றில், படகில் தனியாக இருந்தபோது, தூண்டிலில் ஓநாய் மீன் ஏறியது. சட்டப்படி அதை விட்டுவிடத் தூண்டில் கயிற்றை அறுக்கக் குனிந்தவரின் வலக் கையுறையைக் கவ்வியது. கையை உருவிக்கொண்டார், கையுறை மாட்டிக்கொண்டது. கவ்வியதைச் சாகும்வரை விடாத மீன் அது. கட்டை பக்கத்திலேயே கிடந்தது. பார்க்க ஆளில்லை.

"விட்டுருடா. அவ பின்னுனதுடா" என்று கெஞ்சினார். அது விடவில்லை. கட்டையை எடுத்தார், கீழே வைத்தார். கயிற்றை அறுத்து, கையுறையோடு மீனைக் கடலில் நழுவவிட்டார்.

வீட்டில் கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்தும் பயனில்லை. நடந்ததைச் சொல்லவேண்டியதாயிற்று.

"ஏன்யா அடிக்கல?"

"முட்டைக் காலம்டி. இது போகலன்னா அங்க யாரு காவல்?"

அவள் பின்னல் ஊசிகளை அவர் மடியில் போட்டாள். "நூலை எடு. நான் சொல்றேன், நீ பின்னு."

குளிர்காலம் முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டே பின்னினார். முடித்துப் போட்டுப் பார்த்தால், அகலத்தைக் குறைக்க மறந்திருந்தார்.

"மடக் கெழவா" என்று சிரித்தவள், காலியாகக் கிடந்த பக்கத்தில் தன் கோணல் விரல்கள் இரண்டை நுழைத்தாள். "கதகதப்பாத்தான் இருக்கு. பிரிச்சிடாத."