காற்றுக்குக் குடை பிடித்த அந்தோணி மாமா

சகலருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருவது என்னவென்றால், மேல் லயம் ஏழாம் காம்பராவைச் சேர்ந்த ஜீவாவின் இடதுகாற் செருப்பு, நேற்று மாலை பீலிக்கரைச் சேற்றில் வார் அறுந்து காலமானது. அன்னார் வலதுகாற் செருப்பின் ஆருயிர்த் துணைவரும், பல முட்களின் பரம எதிரியும் ஆவார். நல்லடக்கம் இன்று பிற்பகல் வாழைமரத்தடியில் நடைபெறும்.

அன்று காலை ஆறே முக்காலுக்கு இதைத்தான் தோட்டத்து இளைஞர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. அவற்றின் நடுவே அந்தோணி மாமாவின் மகள் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது: "அப்பா காலமாகிட்டாரு. விடியக்காலையில நெஞ்சுவலி." உடனே யாரோ எழுதினார்கள்: "டேய் ஜீவா, அக்காவையும் கூட்டு சேத்துக்கிட்டியா? அந்தோணி மாமாவை வச்சு விளையாடாத." நானும், என்னைவிடக் கெட்டிக்காரியாக ஒருத்தி கிளம்பிவிட்டாள் என்று நினைத்து ஒரு சிரிப்புப் பொம்மையைத் தட்டிவிட்டேன். அதற்குள் மேலே மாமா வீட்டிலிருந்து ரீட்டா அத்தையின் அழுகை கேட்டது. அந்தப் பொம்மையை நான் அழிப்பதற்குள் பதினொரு பேர் பார்த்துவிட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு வாசிக்க ஏதாவது எழுது என்று அத்தை என்னைத்தான் கேட்டார். "அழுதுகிட்டே எழுதுறதுக்கு நெறைய பேரு இருக்காங்கடா. அவரு உன்னைப் பாத்தா சிரிப்பாரு. அந்த மாதிரி எழுது." முயன்றிருக்கிறேன். சில இடங்களில் கை வழுக்கியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் மாமாவின் வேனில் பள்ளிக்கூடம் போனவர்கள். இருபத்திரண்டு வருடங்கள் அவர் நம் பிள்ளைகளைப் பண்டாரவளைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். வேன் மேல் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து நம் லயத்து வீடுகளுக்குத் தொண்ணூற்று நான்கு படிகள். மழை பெய்தால் அவை படிகள் இல்லை, சறுக்குமரம். மாமா எங்களை இறக்கிவிட்டு உடனே போகமாட்டார். மேலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கடைசிப் பிள்ளை கீழே தண்ணீர்ப் பீலியைத் தாண்டியதும் ஒரே ஒரு ஹோர்ன். அதைக் கேட்ட பிறகுதான் வேன் நகரும்.

இருதயம் சரியில்லை, இனி வேன் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் வேனை விற்றார். அதற்குப் பதில் ஒரு பழைய மிக் வெல்டிங் மெஷினை லொறியில் கொண்டுவந்து, வேன் நின்ற கொட்டிலில் இறக்கினார். ரீட்டா அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னா, இது என்னங்க?"

"படிக்குக் கைப்பிடி போடப்போறேன்."

"வெல்டிங் தெரியுமா உங்களுக்கு?"

"வேன் ஓட்டவும் ஒருகாலத்துல தெரியாதுதான். இத்தனை வருஷமா புள்ளைங்களை வாசல் வரைக்கும் விடாம நடுவழியில இறக்கிவிட்டிருக்கேன் ரீட்டா. மிச்ச தூரம் இருக்கில்ல?"

இந்த இடத்தில் என்னைப் பற்றி நான்கு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அடக்கம் தடுக்கிறது, அதைச் சற்று ஓரமாக உட்காரவைத்துவிட்டுச் சொல்கிறேன். அந்தக் கொட்டிலின் பிரதம கேஸ் ஆலோசகர் அடியேன்தான். மாமாவிடம் கை இருந்தது, என்னிடம் போன் இருந்தது. வெல்டிங் செய்யும்போது உருகுகிற இரும்பைச் சுற்றி ஒரு கேஸ் பாய வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, ஒட்டு முழுக்க ஆப்பம் மாதிரி ஓட்டை விழும் என்பதை இந்தத் தோட்டத்தில் முதலில் படித்துச் சொன்னவன் நான். கேஸ் இல்லாமலே ஒட்டுகிற கம்பி ஒன்று உண்டு என்பதையும், அது நம் மெஷினுக்கு ஒத்துவராது என்பதையும் கண்டுபிடித்தவன் நான். "கேஸ் டாக்டர்" என்று பொடியன்கள் வைத்த பட்டத்தை நான் மறுக்கவில்லை. சேட்டுப் பையில் குத்தத்தான் பின்னூசி கிடைக்கவில்லை.

டாக்டர் வேலைக்கு நடுவே குறும்பும் நடந்தது. ஒருநாள் மாமாவின் வெல்டிங் முகமூடிக்குள் ஒரு தவளையைக் குடியேற்றினேன். மாமா முகமூடியைத் தூக்கினார், உள்ளே பார்த்தார். தவளையை உள்ளங்கையில் எடுத்து என்னிடம் நீட்டினார். "உங்க வீட்டு ஆளு போல. உன்னைத் தேடி வந்து, விலாசம் மாறி எங்கிட்ட வந்துட்டாரு." இன்னொரு நாள் சிலிண்டரில் சுண்ணாம்பால் 'வாயு பகவான்' என்று எழுதிவைத்தேன். மறுநாள் பார்த்தால் சிலிண்டர் கழுத்தில் செவ்வந்தி மாலை. பக்கத்தில் ஒரு துடைப்பம். "பகவான் வந்திருக்காருல்ல, பூசாரி கோயிலைக் கூட்டி வையி" என்றார். கொட்டில் முழுவதையும் நான்தான் கூட்டினேன்.

இனி, இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைக்கு வருகிறேன். மாமா முதலில் பதுளையிலிருந்து வாங்கிவந்தது சுத்தமான ஆர்கன் சிலிண்டர். ஆர்கன் அலுமினியத்துக்கு நல்லது. நம் இரும்புக் குழாயிலோ ஒட்டு உள்ளே இறங்காமல், கிளையில் படுத்த கம்பளிப்பூச்சி மாதிரி மேலேயே கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டியது போலவே இருக்கும். அப்படிக் கீழேயிருந்து முதல் பதினைந்து படிகளுக்குக் கைப்பிடி நின்றது. ஊரே வந்து தடவிப் பார்த்தது.

மூன்றாம் நாள் காலை, பனியோடு தூறல். என் அம்மா வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகப் படியேறினார். எட்டாம் படியில் கால் சறுக்கியது. கைப்பிடியைப் பிடித்தார். அது கையோடு வந்துவிட்டது.

நான் ஓடிப்போனபோது அம்மா இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். மாமா செருப்பில்லாமல், மூச்சு வாங்க மேலிருந்து இறங்கி வந்தார். பெரட்டுக்குப் போக வந்த அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

"ஒட்டத் தெரியாதவங்க எதுக்குண்ணே ஒட்டுறீங்க?" என்று அம்மா கேட்டார். "கம்பி இல்லாத காலத்துல பாத்து பாத்து ஏறினோம், எறங்கினோம். இப்போ நம்பிப் புடிச்சதுனாலதான் விழுந்தேன்."

மாமா அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். "என் தப்புதான் தங்கச்சி. கேஸைத் தப்பா வாங்கிட்டேன். என் தப்புதான்."

மணிக்கட்டில் முறிவு. ஒன்றரை மாதம் அம்மா கொழுந்து பறிக்கப் போகவில்லை. மாமாவுக்கு 'ஆர்கன் அந்தோணி' என்று பெயர் வந்தது. அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ரீட்டா அத்தை கொடுத்துவிட்ட முட்டைகளை வாங்கிக்கொள்வார். மாமா பெயரை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். எட்டு மாதம் அப்படித்தான் போனது. இரண்டு பேருக்கும் நடுவே நான் சமாதானத் தூதுவனாக அலைந்தேன் என்பதை நீங்கள் அறிவீர்கள். "பாவம்மா, தெரியாமத்தானே செஞ்சாரு" என்று எத்தனை தடவை பேசியிருக்கிறேன்!

மாமா பதினைந்து படிகளின் கம்பியையும் அறுத்தெடுத்து, முதலிலிருந்து தொடங்கினார். எல்லவில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்க்கும் கூட்டாளி, பியர் நுரைக்க வைக்கும் காபனீரொட்சைட்டு சிலிண்டர் ஒன்றைக் கொடுத்துதவினார். அத்தை வாசலில் மறித்தார். "பியர் கேஸா? மாதா படம் இருக்கிற வீட்டுக்குள்ள அது வராது." மாமா, "மாதா கானாவூர் கல்யாணத்துல திராட்சரசத்தையே பாத்துட்டாங்க, விடு" என்று சொல்லி உருட்டிக்கொண்டு போனார். அந்தக் கேஸில் ஒட்டு நன்றாக உள்ளே இறங்கியது. அன்றிலிருந்து ஒட்டிய ஒவ்வொரு மூலையையும் அவர் பெரிய சுத்தியலால் மூன்று அடி அடிப்பார். "நான் அடிச்சு உடையாதது, புள்ள சாஞ்சா உடையாது."

போதும் மாமா, இதுவே போடலாம் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு குழாய் நெடுக உள்ளங்கையை ஓட்டினார். வெல்டிங்கில் தெறித்த இரும்புத் துளிகள் மிளகு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன.

"இதைப் பிடிக்கப்போறது என் கை இல்லடா. ஒண்ணாம் வகுப்புக் கை."

"தேய்ச்சு எடுத்துடலாமே மாமா."

"தொண்ணூத்தி நாலு படிக்கும் தேய்ப்பியா? நாப்பதுல நீ ஓடிருவ. தெறிக்காத கேஸ் இருக்கான்னு பாரு."

இருந்தது. ஆர்கனில் நூற்றுக்கு இருபது பங்கு காபனீரொட்சைட்டைக் கலந்த கேஸ். ஒட்டு உள்ளேயும் இறங்கும், மேலே வழவழப்பாகவும் இருக்கும். மறுபடி பதுளைக்குப் போனோம். இந்த முறை மாமா கடைக்காரரிடம் ஒரு துண்டுக் குழாயைக் காட்டி, ஒவ்வொன்றாகக் கேட்டு, இரண்டு தடவை திருப்பிக் கேட்ட பிறகே வாங்கினார்.

அடுத்த எதிரி காற்று. நம் மலைக் காற்று கேஸை ஊதித் தள்ளிவிடும். ஒட்டில் மறுபடி ஓட்டை. கொட்டில் கதவைச் சாத்தினால் காற்று வராது. ஆனால் சின்ன இடத்தில் கேஸ் நிறைந்தால் மனிதன் மயங்கி விழுவான். கதவைச் சாத்தப்போன என்னை மாமா தடுத்தார். "எனக்குக் காத்து வேணும். ஒட்டுக்குக் காத்து வேணாம். ரெண்டு பேருக்கும் ஞாயம் செய்யணும்." உள்ளே போய் ஒரு சாக்கை இழுத்துவந்தார். அவிழ்த்தால் குடைகள். இருபத்திரண்டு வருடங்களாகப் பிள்ளைகள் வேனில் மறந்துவிட்டுப் போனவை. பூப்போட்டது, காது வைத்தது, கம்பி ஒடிந்தது. சிலவற்றில் பெயர்கூட இருந்தது. இன்று கொழும்பில் வங்கி வேலை பார்க்கிற ஒரு பெரிய மனிதரின் முயல் குடையும் அதில் அடக்கம். பெயரைச் சொல்லமாட்டேன், அவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். கதவை அகலத் திறந்துவைத்து, ஒட்டும் இடத்தைச் சுற்றிக் குடைகளை விரித்து வேலை செய்தோம். தீப்பொறி பட்டு எட்டுக் குடைகள் பொத்தலாகின. படிகளிலும் அப்படித்தான். வெயில் காயும் மத்தியானத்தில், குடையைத் தனக்குப் பிடிக்காமல் இரும்புக்குப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தோணி மாமாவை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

போன மாசிக் கடைசியில் தொண்ணூற்று நான்காம் படியும் முடிந்தது. மறுநாள் காலை மாமா மேல் ரோட்டில், வேன் நிற்கும் இடத்தில் நின்றார். பெண்கள் பெரட்டுக்கு ஏறிவந்தார்கள். அம்மாவும் வந்தார். மாமாவைப் பார்க்கவில்லை, பேசவில்லை, நேரே தாண்டிப் போனார். நான் மாமாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து நின்றேன். மாமா மெதுவாகச் சொன்னார்: "பாத்தியா? கீழ இருந்து மேல வரைக்கும் கையை எடுக்கவே இல்ல."

அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்துப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்த அன்று அம்மா சமைக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "தப்பு செஞ்ச மனுஷன் அத்தனை பேரு முன்னால ஒத்துக்கிட்டாரு. அதுக்கு மேல நான் என்ன எதிர்பாத்தேன்? ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, அடுப்பைக் கேட்டாரா என்று தெரியவில்லை. 

எனக்குப் பதில் தெரியும். ஆகவே, கேஸ் டாக்டர் தன் பட்டத்தை இங்கே இறக்கிவைக்கிறார்.

முதல் தடவை பதுளைக் கடையில், "இரும்புக்கா? அப்போ கலவைதான் சரி" என்று கடைக்காரர் சொன்னார். "வீடியோவுல சுத்தமான ஆர்கன்தான் போடுறாங்க, நான் முழுசாப் பாத்தேன்" என்று மறித்தவன் நான். அந்த வீடியோவில் ஒட்டியது அலுமினியம். பாதியில் நிறுத்திவிட்டு வேறு எதையோ பார்க்கப் போனவனும் நான். மாமா கடைக்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பையன் படிச்சிட்டு வந்திருக்கான். அவன் சொல்றதையே குடுங்க" என்றார்.

அம்மா விழுந்த அன்று சாயந்தரம் கொட்டிலுக்குப் போய், சொல்லிவிடப்போகிறேன் என்று அழுதேன். மாமா சொன்னார்: "இப்போ சொன்னா உங்கம்மா உன்னை இந்தப் பக்கமே விடமாட்டா. படியும் பாதியில நிக்கும். திட்டு எனக்குப் பழக்கம், இருபத்திரண்டு வருஷம் வேன் ஓட்டியிருக்கேன். கம்பி கடைசிப் படிக்கு வரட்டும். அப்புறம் நீயே போய்ச் சொல்லு." கம்பி கடைசிப் படிக்கு வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் மாமா என்றேன். அப்படிப் பன்னிரண்டு நாளைகள் இருந்தன. அவர் ஒருநாள்கூட நினைவுபடுத்தவில்லை.

எனக்கு இன்னும் நேராக ஒரு ஒட்டுப் போடத் தெரியாது. மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அந்தப் படியில் உட்கார்ந்து எனக்காக அவர் சொன்ன "என் தப்புதான்" மட்டும். அது அவருடையது இல்லை, அம்மா. என்னுடையது. நீங்கள் எட்டு மாதம் பேசாமல் இருந்திருக்க வேண்டியது என்னோடு.

அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதை வாசித்து முடித்ததும் நான் எங்கும் ஓடமாட்டேன்.