அப்பாவுக்கு வராத ஹகாரம்

வாய்க்கணக்கு என் அப்பாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கன்னடத்து 'ஹ' மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. கொள்ளேகாலத்திலிருந்து மைசூருக்கு வந்து மரமண்டியில் வேலை பார்த்தவர். அம்மா இந்த ஊரிலேயே பிறந்தவள், ஆஸ்பத்திரி நர்ஸ். கன்னடத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது.

என் பள்ளிக்கூடத்தில் எல்லாமே கன்னடம்தான். நாலாம் வகுப்புக் கணக்கில் இன்னொரு தடவை கோட்டை விட்டால் படிப்பு நின்றுவிடும், கொள்ளேகாலத்து அத்தையின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகவேண்டும் என்று முடிவாகியிருந்தது. அப்பப்பா, அதுகள் பிள்ளைகளா, குட்டிச்சாத்தான்கள்! "நான் தேத்திக் காட்டறேன் பாரு" என்று அப்பா மார்தட்டினார்.

சாயங்காலம் வாய்ப்பாடு ஆரம்பமாகும்.

"மூர் நாக்லி எஷ்டு? ஏளு!"

முந்நாலு எவ்வளவு, சொல்லு என்று கேட்கிறாராம். கன்னடத்தில் 'ஹேளு' என்றால் சொல். 'ஏளு' என்றால் எழுந்திரு. ஏழு என்ற எண்ணும் அதே 'ஏளு'தான். நான் விறைப்பாக எழுந்து நிற்பேன்.

"எதுக்கு அம்மிணி எந்திரிக்கறே?"

"நீங்கதானே 'ஏளு'ன்னீங்க?"

"குறும்பு! உக்காரு. முந்நாலு எவ்வளவு? ஏளு!"

"ஏளு" என்று ஏழு விரலை நீட்டுவேன்.

"ஹே! ஹே! அடிவயித்திலேருந்து மூச்சு விட்டுச் சொல்லுங்க" என்று அம்மா அடுப்படியிலிருந்து திருத்துவாள். "தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்து பரீட்சையிலே கவுத்துடாதீங்க."

"கணக்குச் சரியா இருக்குதில்ல? காத்து வந்தா என்ன, வராட்டி என்ன?" என்று அப்பா எகிறுவார். பிறகு ரகசியமாக ஒரு 'ஹே' முயன்று இருமுவார். எனக்குச் சிரிப்புத் தாங்காது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் தலையில் நறுக்கென்று குட்டினார். அன்றோடு எழுந்து நிற்பதை விட்டேன். 'ஏளு' காதில் விழுந்ததுமே வாய் தானாக விடை சொல்லப் பழகிவிட்டது.

பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டர் சாமராஜநகர்ப் பக்கத்துக்காரர். எங்களை வரிசையாக நிறுத்தி, ஆறு மூணு எவ்வளவு என்று முதல் பெண்ணைக் கேட்டார்:

"ஆர் மூர்லி எஷ்டு? ஏளு!"

அட, இவருக்கும் 'ஹ' வராது! ஏற்கெனவே நிற்கிறவள் இன்னும் எப்படி எழுவாள்? பாவம், நுனிக்காலில் எம்பினாள். அடுத்தவள் "ஏளு" என்று உரக்கக் கத்தினாள். இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது. என்னைப் பார்த்து அதையே கேட்டார். அவர் 'ஏளு' சொல்லி வாயை மூடுமுன் நான் "ஹதினெண்டு" என்று பதினெட்டைச் சொல்லிவிட்டேன். மேலும் சில கணக்குகள் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பட்டென்று சொன்னேன். "ஷபாஷ்! பாஸ்!" என்றார். அத்தை வீட்டிலிருந்து தப்பினேன்.

வீட்டுக்கு ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னேன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டயா? அத்தாம்பெரிய ஆபீசரே அப்படித்தான் சொல்றாராமா. இப்ப என்ன சொல்றே? ஏளு!"

அம்மா எழுந்து போய்க் காபி போட்டாள்.